மீன் தொட்டியும் ஆப்த வாக்கியமும்

கல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட்டுக்கு வாழையிலையும் கதம்பமும் காப்பிப்பொடியும் வாங்கச் செல்லும் தமிழ்க் குடும்பத்தார், புலால் உண்ணாதவரேயாயினும், மீன்காரர்கள் அமரும் பகுதியைக் கண்ணால் காணாமல் திரும்புவது அரிது. அங்கே அகன்ற அலுமினியப் பாத்திரங்களில், நாலு விரற்கடை ஆழமுள்ள கலங்கல் நீரில், கொய், ஷிங்கி, மாகூர் என்று வங்காளிகள் வழங்கும் மீன்கள் ஒன்றன்மேலொன்று நெளிந்துகொண்டு மணிக்கணக்காக உயிரோடிருக்கின்றன. அதே குடும்பத்தார் வீட்டுக் குழந்தையின் பிடிவாதத்துக்கு இணங்கி, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, ஏறக்குறைய ஐம்பது லிட்டர் தெளிந்த நீரை நிரப்பி, காற்றுக் குமிழி விடும் பம்பும் பொருத்தி, நான்கு பொன்மீன்களை விட்டால், முதல் வாரம் அவை சுறுசுறுப்பாக நீந்துகின்றன. இரண்டாம் வாரம் இரையெடுக்க மறுக்கின்றன. மூன்றாம் வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. இது போதாதென்று, நகரின் கிழக்கு ஓரத்துக்குச் சென்று பார்த்தால், கல்கத்தாவின் சாக்கடை நீரே வாய்க்கால் வழியாகப் பாயும் பேரிகளில், அதாவது பரந்து ஆழம் குறைந்த மீன் குளங்களில், ரோகுவும் கட்லாவும் கொழுத்து வளர்ந்து நகரத்தாரின் உணவாகின்றன. அழுக்கு நீரில் மீன் செழிப்பதும் தூய நீரில் மீன் மடிவதும் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவை எடுத்துக்கொண்டு நாம் ஆலோசனை கேட்கப் புறப்பட்டால், கிடைக்கும் விடைகளுக்குப் பஞ்சமில்லை. மீன் விற்றவர், தண்ணீரை அடிக்கடி முழுதும் மாற்றவில்லை என்பார். அடுத்த வீட்டுக்காரர், அடிக்கடி மாற்றியதே தவறு என்பார். ஒருவர் கல்லுப்பு ஒரு பிடி போடச் சொல்வார். மற்றொருவர் நீல நிற மருந்து ஒன்றைச் சொட்டு விடச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வடகல்கத்தாவில் பாக்பஜார் அருகே கேலிஃப் தெருவில் கூடும் செடி, மீன், வளர்ப்புப் பிராணிச் சந்தையில் பத்துக் கடைகளில் விசாரித்தால் பதினோரு மருந்துகள் கிடைக்கும். சென்னையில் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் விசாரித்தாலும் நிலைமை பெரிதும் மாறாது. ஒவ்வொருவரும் அனுபவசாலிகளே, ஒவ்வொருவர் சொல்லும் மற்றவர் சொல்லை மறுக்கிறது. இவற்றுள் எதை நம்புவது?

பிறர் சொல்லை எப்பொழுது பிரமாணமாகக் கொள்ளலாம் என்பதைப் பற்றி நம் நாட்டு நியாய சாஸ்திரம் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. பிற்காலத்தில் நவ்ய நியாயமெனப் புதுப்பொலிவு பெற்ற அந்தச் சாஸ்திரம் செழித்து வளர்ந்த இடங்களுள் ஒன்று கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையிலுள்ள நவத்வீபமாகும். நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவனாகிய ஆப்தனுக்கு இரண்டு லட்சணங்களைக் கூறுகிறார்: சொல்லும் பொருளைத் தானே நேரில் அறிந்திருத்தல் ஒன்று, அறிந்தவாறே பிறருக்கு அறிவிக்கவேண்டுமென்ற விருப்பம் மற்றொன்று. இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. பிறப்போ பதவியோ பட்டமோ ஒருவனை ஆப்தனாக்குவதில்லை. மீன் தொட்டி விஷயத்தில் நேரில் அறியவேண்டிய பொருள் யாது என்பதை முதலில் தெளிந்துகொண்டால், யார் அதை அறிந்தவர் என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் லேக் மார்க்கெட்டின் அலுமினியப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கொய் என்பது நம்மவர் பனையேறி என்று வழங்கும் மீனேயாகும். 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியைச் சேர்ந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, இம்மீன் பனைமரத்தின்மீது ஏறியிருக்கக் கண்டதாக எழுதிவைத்ததிலிருந்து ஐரோப்பிய விஞ்ஞானிகளின் கவனம் இதன்மேல் விழுந்தது. இதன் செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாகச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்க, அவ்வுறுப்பிலுள்ள ரத்தக் குழாய்கள் அக்காற்றிலிருந்து பிராணவாயுவைக் கிரகித்துக்கொள்கின்றன. நீர்ப்பரப்பை எட்டமுடியாதபடி வலையிட்டு மறித்தால், நீருக்குள்ளேயே இருந்தும் இம்மீன் மூச்சுத் திணறி இறந்துபோகும் என்பது பரீட்சையில் கண்ட உண்மை. ஷிங்கிக்கும் மாகூருக்கும் வேறு அமைப்பில் இத்தகைய உறுப்புகள் உண்டு. கடைகளில் சிறு பாட்டிலில் தனித்தனியே அடைத்து வைத்திருக்கும் ஃபைட்டர் மீனும் காற்றை விழுங்கும் ஜாதியே.

ஆகவே, “பாருங்கள், இந்த மீன் பாட்டிலிலேயே இருக்கிறது, இதற்குத் தொட்டி எதற்கு?” என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டும் காட்சி பொய்யன்று, அதிலிருந்து அவர் செய்யும் அனுமானமே பொய். காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு நீரிலுள்ள பிராணவாயு குறைந்தால் கேடில்லை என்பது மட்டுமே அங்கே நிரூபணமாகிறது. வாழ்நாள் முழுவதும் அந்த நீர் அதற்கு உகந்தது என்பது நிரூபணமாகவில்லை. பொன்மீனோ பெரும்பாலும் செவுளாலேயே சுவாசிப்பது. நீர் வெப்பமாக ஆக அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவின் அளவு குறையும். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் வரை கொள்ளும். கல்கத்தாவின் கோடையில் நீர் 30 டிகிரியை எட்டும்பொழுது ஏழரை மில்லிகிராமுக்கு மேல் கொள்ளாது. பம்பு காற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தும் பொன்மீன் மடிந்ததாகையால், பிராணவாயுக் குறைவு மட்டும் காரணமாகாது என்பது தெளிவு. காரணம் நீருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

மீன் உண்ணும் இரையில் புரதம் மிகுதி. புரதத்திலுள்ள நைட்ரஜனை உடல் பயன்படுத்தியது போக எஞ்சியதைக் கழித்தாகவேண்டும். நாம் அதை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் கழிக்கிறோம். மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. தன்னைச் சூழ்ந்திருக்கும் நீரிலேயே, பெரும்பாலும் செவுள் வழியாக, அமோனியாவாகக் கழித்துவிடுகிறது. ஏரியிலும் ஆற்றிலும் அது உடனே கலைந்துபோகும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது போவதற்கு இடமில்லை. தின்னாது மிஞ்சிய இரையும் மலமும் அழுகி மேலும் அமோனியாவைச் சேர்க்கின்றன. நிறமற்றுக் கரைந்து நிற்பதால், நீர் பார்வைக்குப் பளிங்காகவே இருக்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை உணராமையே மீன் வளர்ப்போரின் முதல் மயக்கம்.

அமோனியாவிலும் ஒரு நுட்பம் உண்டு. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் என்ற வடிவம் அவ்வளவு தீங்கு செய்வதில்லை; மின்னேற்றம் பெறாத அமோனியா செவுளுக்குள் எளிதில் புகுந்து மீனைக் கொல்லும். எது எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் நிர்ணயிக்கின்றன. அமிலமோ காரமோ மிகாத நிலையை 7 என்று குறிக்கும் பி.எச். அளவில், 30 டிகிரி வெப்பத்தில், 7 என்ற நிலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும். 8-ல் அது நூற்றில் ஏழு பங்குக்குச் சற்று மேலாகும். 9-ல் ஏறக்குறைய நாற்பத்தைந்து பங்கு. ஒரே அளவு கழிவு ஒருவர் வீட்டுத் தொட்டியில் தீங்கு செய்யாதிருக்க, அடுத்த தெருவில் ஆழ்குழாய்க் கிணற்றின் காரமான நீரை ஊற்றியவர் வீட்டில் மீனைக் கொல்வது இதனாலேதான். “நான் இப்படித்தான் செய்தேன், எனக்கொன்றும் ஆகவில்லை” என்னும் சாட்சியம் உண்மையாகவே இருந்தும் நமக்குப் பயன்படாமற் போவதற்கும் இதுவே காரணம்; அவருடைய நீர் நம்முடைய நீரன்று.

அப்படியானால் எந்தத் தொட்டியிலும் மீன் வாழமுடியாதே, பல்லாண்டுகளாக மீன் வளர்ப்பவர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே அமோனியாவை அழிப்பது யார்? இதற்கு விடை கண்ட வரலாறு சுவையானது. அதன் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் பாட்னாவிலிருந்து படகுகளில் கங்கைவழியே கொண்டுவந்து, ஹூக்ளியிலிருந்து கப்பலேற்றிய பெருஞ்சரக்குகளுள் ஒன்று வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு. பீகார்க் கிராமங்களில், மாடுகளின் மூத்திரம் ஊறிய மண்ணைச் சுரண்டி, நீரூற்றி வடித்துக் காய்ச்சி நூனியா வகுப்பினர் அதை எடுத்தனர். மூத்திரத்திலுள்ள நைட்ரஜன் மண்ணில் கிடந்து நைட்ரேட்டு என்னும் உப்பாக மாறுகிறது என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. மாற்றுவது எது என்பது தெரியவில்லை. மண்ணின் ரசாயன குணமே அது என்று பலர் கருதினர்.

1877-ஆம் ஆண்டில் பிரான்சில் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். இருபது நாட்கள் வரை, உள்ளே சென்ற அமோனியா அப்படியே வெளியே வந்தது. பின்னர் அமோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றலாயிற்று. மாற்றம் வெறும் ரசாயனச் செயலாக இருந்தால் முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டுமல்லவா? அவர்கள் அதோடு நிற்கவில்லை. குழாய்க்குள் குளோரோஃபாரம் ஆவியைச் செலுத்தினர். நைட்ரேட்டு உண்டாவது நின்றுவிட்டது. ஆவியை அகற்றி, சிறிது புதுமண் கரைத்த நீரை ஊற்றியபின் மறுபடியும் தொடங்கியது. மயக்க மருந்துக்கு அடங்குவது கல்லும் மணலும் அல்ல, உயிர். அந்த உயிர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் என்று இவ்வெளிய பரீட்சை நிலைநாட்டிற்று. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் இச்செயலை நைட்ரேற்றம் என்று கூறலாம்.

இங்கே ஒரு குடும்பத்தின் கதையும் வந்து சேருகிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், 1849-ல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டு, அழுகிய இலைகளைத் தின்ன நத்தைகளையும் சேர்த்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைத்து, அடுத்த ஆண்டு அதைப் பற்றி எழுதினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று, செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கிறது என்பது அவர் கண்ட சமநிலை. நுண்ணுயிரைப் பற்றி அவர் அறியார். அவர் 1867-ல் காலமானார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன், ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஷ்லேசிங்கின் பரீட்சையைத் தொடர்ந்து, நைட்ரேற்றம் இரண்டு படிகளில், இருவேறு நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது என்று காட்டினார்: அமோனியா முதலில் நைட்ரைட்டு ஆகிறது, நைட்ரைட்டு பின்னர் நைட்ரேட்டு ஆகிறது. தந்தையின் பாத்திரத்தில் செடிகளோடு சேர்ந்து கண்காணாமல் ஊழியம் புரிந்தவற்றின் செயலை மகன் வெளிப்படுத்தினார் என்றே கொள்ளலாம். ஆயினும் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. மற்றக் கிருமிகளை வளர்க்கும் சத்துள்ள கூழில் இவை வளர மறுத்தன. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, இவற்றுக்குப் பிற உயிர்களின் சத்தே வேண்டுவதில்லை, அமோனியாவைப் பிராணவாயுவோடு சேர்ப்பதால் வரும் சக்தியைக் கொண்டே வாழ்கின்றன என்று கண்டு, அதற்கேற்ற ஊடகத்தில் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இப்பொழுது நம் பொன்மீன்கள் மூன்றாம் வாரத்தில் ஏன் மடிந்தன என்பது விளங்கும். நம் குடலில் வாழும் சில கிருமிகள் தக்க சூழ்நிலையில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. நைட்ரேற்ற நுண்ணுயிர்களோ இரட்டிப்பதற்குப் பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. புதுத் தொட்டியில் அவை தற்செயலாக வந்து விழுந்த சிலவே. அவை பெருகுவதற்குள் அமோனியா ஏறிவிடுகிறது. அமோனியாவை உண்ணும் முதற்கூட்டம் பெருகியதும் அமோனியா இறங்கி நைட்ரைட்டு ஏறுகிறது; இரண்டாம் கூட்டம் பெருகிய பின்பே அது இறங்கும். நைட்ரைட்டு மீனின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அழித்து, ரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். நீரில் பிராணவாயு நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சுக்குத் தவிக்கும். கடைசியில் உண்டாகும் நைட்ரேட்டு மிகக் குறைந்த தீமையுடையது. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும், எஞ்சியது அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றுவதால் நீங்கும். இந்தச் சுழற்சி முழுதும் அமைய ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. மீனை முதல் நாளே விட்டதுதான் நாம் செய்த பிழை. நீர் அழுக்கானதால் அவை இறக்கவில்லை, அழுக்கைத் தின்னும் உயிர்கள் பிறவாததால் இறந்தன.

நம் வீட்டுப் பெண்கள் தயிர் தோய்க்கும் முறை இங்கே முழுதும் பொருந்தும். பால் தானே புளிக்கும்வரை காத்திருப்பவர் இல்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை விடுகிறார்கள். உறை நல்லதாயிருக்க வேண்டும், பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கவேண்டும், விட்டபின் ஆடாமல் வைத்துப் பொறுத்திருக்கவும் வேண்டும். அதுபோலவே, பல மாதங்களாக நோயின்றி நடைபெறும் ஒருவருடைய தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றைப் பிழிந்து எடுக்காமல் ஈரத்தோடு கொணர்ந்து புதுத் தொட்டியின் ஃபில்டரில் சேர்த்தால், ஆறு வாரக் காரியம் பெரிதும் சுருங்கிவிடும். ஏனெனில் இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பவை அல்ல. ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டி வாழ்பவை. பழைய தொட்டியின் நீரை மட்டும் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவதில் பயன் குறைவு என்பதும் இதனாலேயே பெறப்படும். உறை கிடைக்காதவர், மீனில்லாத தொட்டியில் அன்றாடம் சிட்டிகை மீனிரையைப் போட்டோ, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரத்தின் சுத்தமான வகையை மிகச் சிறிதளவு கரைத்தோ அமோனியாவை உண்டாக்கி, நுண்ணுயிர்களை முதலில் வளர்த்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கல்கத்தாவின் பேரிகளில் மீன் ஏன் வாழ்கிறது என்பதற்கும் இதுவே விடை. அங்கே சாக்கடை நீரில் நேரே மீனை விடுவதில்லை. குளத்தை வற்றவைத்து, சேற்றைப் பண்படுத்தி, அளவறிந்து சாக்கடை நீரைப் பாய்ச்சி, சில வாரங்கள் வெயிலில் விட்டுவிடுகிறார்கள். நுண்ணுயிர்களும் பாசிகளும் கழிவை உண்டு பெருகுகின்றன. அவற்றையும் அவற்றால் வாழும் சிற்றுயிர்களையும் மீன் உண்கிறது. நீர் பக்குவமாயிற்றா என்று தெரிந்துகொள்ளச் சில மீன்களை மட்டும் முதலில் விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை விடுகிறார்கள். அதன்பின் அவ்வப்போது அளவாகவே கழிவுநீர் திறக்கப்படுகிறது. மேற்கு வங்க அரசாங்கத்தில் எஞ்சினீயராயிருந்த துருவஜோதி கோஷ் (1947–2018), நகரத்தின் கழிவு எங்கே போகிறது என்று தேடிப்போய், எழுத்தறிவு குறைந்த மீனவர்களிடம் மாணவராக அமர்ந்து இம்முறையைக் கற்று உலகுக்கு எடுத்துரைத்தார். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலம் 2002-ல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றது. நீரை நேரில் அறிந்தவர்கள் யார் என்று தேடிச் சென்ற அந்த எஞ்சினீயர், வாத்ஸ்யாயனரின் லட்சணத்தைப் பட்டதாரிகளிடத்தில் மட்டும் தேடாதவர்.

இனி, கேட்ட ஆலோசனைகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம். தண்ணீரை முழுதும் மாற்றி, ஃபில்டரைக் குழாயடியில் பளிச்சென்று கழுவச் சொல்வது பெருந்தீங்கு. பல்தாவிலிருந்தோ கார்டன் ரீச்சிலிருந்தோ வரும் குழாய்நீர் ஹூக்ளியின் நீரைச் சுத்தம் செய்து குளோரின் கலந்தது. கிருமியைக் கொல்வதற்கென்றே கலந்த அந்தக் குளோரின் நைட்ரேற்ற நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்காது. மீனின் செவுளையும் புண்படுத்தும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை அலசுவதும், புதுநீரை ஓரிரவு திறந்து வைப்பதோ குளோரினைப் போக்கும் தயோசல்ஃபேட்டுச் சொட்டு விடுவதோ ஆகிய ஒன்றைச் செய்தபின் ஊற்றுவதும் முறை. நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாததாகையால், லோட் ஷெடிங்கில் ஃபில்டர் நெடுநேரம் நின்றால் அவையும் தளர்ந்துபோகும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். உப்புப் போடச் சொன்னவர் பாதி உண்மை சொன்னார்: உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட்டு நுழையும் வழியைப் போட்டியிட்டு அடைப்பதால், நைட்ரைட்டு ஏறிய நாட்களில் உப்பு மீனைக் காக்கும், அமோனியாவுக்கு அது மருந்தாகாது, செடிகள் பலவற்றுக்கு அது ஆகாது. நோயைப் பாராமல் சொட்டும் நீல மருந்து, எந்தக் கேள்விக்கு விடை என்றே தெரியாத விடை.

சிறியதாய் விற்கப்படும் மீன் தொட்டிக்குத் தக்கபடியே வளரும் என்பது சந்தையில் அடிக்கடி கேட்கும் சொல். விரலளவில் ஷார்க் என்று விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் ஜாதி. நெருக்கடியில் அது வளராதிருந்தால் நலிகிறது என்றே பொருள். தொட்டிக்கு அடங்காமற் போன மீன்களைக் குளத்தில் விட்டுவிடுவோரும் உண்டு. தென்னமெரிக்க நதிகளைச் சேர்ந்த சக்கர் மீன் இன்று கிழக்குக் கல்கத்தாப் பேரிகளில் பெருகி மீனவர்க்குத் தொல்லையாகியிருக்கிறது. சிறு தொட்டிக்கு ஏற்றவை வங்காளத்து நீர்நிலைகளிலேயே இருக்கின்றன. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் வர்ணித்த வரிக்கோட்டு ஜீப்ரா மீனும் சிறு கௌராமிகளும் விரலளவுக்கு மேல் வளராதவை, இவ்வூர் வெப்பத்துக்குப் பழகியவை.

உறைக்குப் பதிலாகக் கடைகளில் பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்த் திரவத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நைட்ரைட்டை உண்பது நைட்ரோபாக்டர் என்று நூறாண்டுகளாகப் புத்தகங்கள் எழுதிவந்தன. 1990-களில் ஹோவனெக் என்ற ஆராய்ச்சியாளர் முதலியோர் தொட்டி ஃபில்டர்களிலுள்ள நுண்ணுயிர்களின் மரபுப்பொருளை ஆராய்ந்தபோது நைட்ரோபாக்டர் அகப்படவில்லை. நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகையே அங்கு வேலை செய்தது. 2015-ல் இரு ஆராய்ச்சிக் குழுவினர், இரண்டு படிகளையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை ஒன்றும் உண்டென்று அறிவித்தனர். ஆக, ஊழியம் புரிவது யார் என்பதில் புத்தகங்களும் நெடுங்காலம் தவறின. ஊழியம் நடைபெறுகிறது என்பதில் எவரும் தவறவில்லை. பாட்டிலில் உயிரோடு சரியான வகை இருந்தால் பயன் உண்டு. வெயிலில் கிடந்து செத்திருந்தால் வெறும் நீர். லேபிலைப் படித்து இதை அறியமுடியாது. ஊற்றிய சில நாட்களில் அமோனியா இறங்கியதா என்று பார்த்தே அறியமுடியும்.

பார்ப்பதற்கு வழியும் எளிது. சொட்டுச் சோதனை என்று கடைகளில் கிடைக்கும் சிறு பெட்டியில், ஐந்து மில்லிலிட்டர் நீரில் சில துளி திரவம் சேர்த்துச் சில நிமிஷம் பொறுத்தால், அமோனியா இருந்தால் மஞ்சள் நிறம் பச்சையாகும். வேறு திரவத்துக்கு நைட்ரைட்டு சிவந்து காட்டும். அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். இரண்டும் ஏறி, இரண்டும் இறங்கி, இட்ட அமோனியா ஒரு நாளைக்குள் மறைந்து நைட்ரேட்டு மட்டும் தங்கும் நாளே மீன் வாங்கவேண்டிய நாள். அன்றைக்கும் இரண்டு மூன்று மீன்களே. நியாய சாஸ்திரத்தார் பிரத்தியட்சம் என்று சொல்வதை இந்த நிறமாற்றம் நம் மேஜைமேல் கொணர்ந்து வைக்கிறது.

எனவே கேலிஃப் தெருவிலாயினும் லேக் மார்க்கெட்டுப் பக்கத்துக் கடையிலாயினும் ஆலோசனை கேட்கப் போகிறவர், என்ன செய்யவேண்டும் என்று கேட்பதோடு நில்லாமல், ஏன் என்றும், அது பலித்ததை எதனால் அறியலாம் என்றும், எப்பொழுது பலிக்காது என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். இம்மூன்றுக்கும் விடை சொல்பவர் ஹாவுராப் பக்கத்தில் மண்தொட்டியில் மீன் குஞ்சு பொரிக்கவைப்பவராயினும், பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானியாயினும், அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுவனாயினும், அவர் சொல்லைக் கேட்கலாம். “இன்னும் ஒரு மாதம் கழித்து வாருங்கள், இப்பொழுது மீன் வேண்டாம்” என்று சொல்லும் வியாபாரி கிடைத்தால் அவரை விடக்கூடாது. தமக்கு வரும் காசைத் தள்ளிப்போட்டு உண்மையைச் சொல்பவரிடத்தில் வாத்ஸ்யாயனரின் இரண்டாவது லட்சணம் தானே நிரூபணமாகிறது. முதல் லட்சணத்தையோ நாமும் சம்பாதித்துக்கொள்ளலாம்: நாள், நீரின் வெப்பம், அமோனியா, நைட்ரைட்டு, மாற்றிய நீரின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருபவர், ஆறு வாரம் கழிந்தபின் தம்முடைய நீரைப் பற்றி எந்த வியாபாரியைவிடவும் அதிகம் அறிந்தவராகிவிடுகிறார். அதன்பின் மற்றொருவர் தம்மிடம் வந்து கேட்டால், தம் தொட்டிக்குப் பலித்ததை அப்படியே விதியாகச் சொல்லாமல், முதலில் உங்கள் நீரை ஒரு சோதனைக் குழாயில் கொண்டுவாருங்கள் என்று சொல்வது அவர் கடமை.